இரண்டு ஏக்கர் நிலமும் எழுபதாயிரம் உழைப்பாளரும்

இரண்டு ஏக்கர் நிலம். அதிலே மூன்று அறை கொண்ட ஒரு வீடு. கொல்லைப்புறத்தில் பால் வைக்க ஓர் அறை, விறகு அடுக்க ஓர் இடம், பன்றி வளர்க்க ஒரு கொட்டில். வேலிக்குள்ளே உருளைக்கிழங்கு, கோதுமை, முட்டைக்கோசு. விடியுமுன்னே விரட்டி அழைக்கும் ஆலை மணி இல்லை. நேரம் தவறினான் என்று கூலியைப் பிடிக்கும் மேஸ்திரி இல்லை. வேலை இல்லை, போ என்று கதவைச் சாத்தும் முதலாளி இல்லை!

நாட்டுப்புறத்திலே நிலம் வாங்கி, வீடு கட்டி, விளைவதை உண்டு வாழ வேண்டும் என்ற ஆசை எந்த நாட்டிலும் உண்டு, எந்தக் காலத்திலும் உண்டு. பணம் படைத்தவனுக்கு அது பொழுதுபோக்கு. நகரத்து இரைச்சல் சலித்தால் தோட்டத்து வீடு. தோட்டம் சலித்தால் மீண்டும் நகரம். ஆனால், பசித்தவனுக்கு அந்த ஆசை என்ன? அது அவனுக்குப் போர்! தன் கையை நம்பித் தான் வாழ முடியும் என்று மெய்ப்பிக்கும் போர்!

அந்தப் போரை இங்கிலாந்திலே நடத்திக் காட்டினான் ஒருவன். எழுபதாயிரம் உழைப்பாளர் அவனை நம்பிக் காசு கொடுத்தனர். ஐந்து இடங்களில் நிலம் வாங்கினான். வீடுகள் எழுந்தன. பிறகு எல்லாம் சரிந்தது, அவனும் சரிந்தான். பியர்கஸ் ஓகானர் என்பது அவன் பெயர். அவன் வென்ற கதை மட்டும் அல்ல, தோற்ற கதையும் உழைப்பாளி தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஆகவேதான் எழுதுகிறோம்.

அயர்லாந்தில் கார்க் மாவட்டத்திலே, நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவன் ஓகானர். சிற்றப்பன் ஆர்தர் ஓகானர், ஐக்கிய அயர்லாந்தியர் என்ற விடுதலை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர், சிறை கண்டவர், நாடு கடந்து பிரான்சு சென்று நெப்போலியனின் படையில் தளபதியானவர். அப்படிப்பட்ட குடும்பத்தின் இரத்தம் சும்மா இருக்குமா? ஆறடி உயரம், செம்பட்டை முடி, ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் திடல் முழுவதும் கேட்கும் குரல். 1832ல் கார்க் மாவட்டத்து மக்கள் அவனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1835லும் அனுப்பினர். ஆனால், உறுப்பினராக இருப்பதற்குச் சட்டம் கேட்கும் அளவு சொத்து அவனிடம் இல்லை என்று சொல்லி, பதவியைப் பறித்தனர். மக்கள் தந்த இடத்தை மண்ணின் அளவு பார்த்துப் பிடுங்கிய சட்டம் அது!

ஓகானர் வீட்டுக்குப் போகவில்லை. வட இங்கிலாந்துக்குப் போனான். பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த பகுதி அது. 1832ல் நடந்த தேர்தல் சீர்திருத்தம் கடைக்காரருக்கும் ஆலை முதலாளிக்கும் வாக்குத் தந்தது. அந்தச் சீர்திருத்தத்துக்காகத் தெருவில் நின்று முழங்கிய தொழிலாளிக்குத் தரவில்லை. 1834ல் வந்தது ஏழைகள் சட்டம். வேலை இழந்தவன் உதவி கேட்டால் ஏழை விடுதிக்குள் போக வேண்டும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம்! பசி என்று சொன்ன குற்றத்துக்குக் குடும்பத்தையே பிரித்து வைத்த கொடுமை! விசைத்தறி வந்து கைத்தறியை விழுங்கிக்கொண்டிருந்த காலம். நேற்றுவரை தன் வீட்டில் தன் தறியில் நெய்தவன், இன்று ஆலை வாயிலில் கை கட்டி நின்றான்.

1837 நவம்பரில் லீட்ஸ் நகரிலே ஓர் ஏடு துவக்கினான் ஓகானர். 'நார்தர்ன் ஸ்டார்' — வடதிசை விண்மீன் — என்பது அதன் பெயர். விலை நாலரை பென்னி. ஏழைக்கு அது பெரிய தொகை. ஏடுகள் ஏழை கைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே ஆட்சியாளர் போட்ட முத்திரை வரியும் அந்த விலையில் அடக்கம். ஆயினும் என்ன? பத்துப் பேர் கூடிக் காசு போட்டு ஓர் ஏடு வாங்கினர். எழுதப் படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படித்தான். மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்டனர். 1839ல் அந்த ஏடு வாரந்தோறும் 30,000 படிகளுக்கு மேல் விற்றது. ஒரு படியைக் கேட்ட காதுகள் எத்தனை என்று கணக்கிட்டால், அதன் வலிமை விளங்கும். படிப்பகத்தில் அமர்ந்து ஏடு படித்த நம் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1838ல் மக்கள் சாசனம் வெளிவந்தது. ஆறே கோரிக்கைகள். வயது வந்த ஆண் ஒவ்வொருவனுக்கும் வாக்கு, மறைவாக வாக்களிக்கும் முறை, பாராளுமன்ற உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி வேண்டாம், உறுப்பினருக்குச் சம்பளம், தொகுதிகள் சம அளவில், ஆண்டுதோறும் தேர்தல். பெண்களுக்கு வாக்கு அதிலே கேட்கப்படவில்லை. அது அந்தச் சாசனத்தின் குறை. அதை எழுதியதில் பெரும்பங்கு இலண்டன் நகரத்து வில்லியம் லவெட்டுக்கு உரியது. ஆனால், அதை ஆலை வாயிலுக்கும் சுரங்கத்தின் வாய்க்கும் கொண்டுசென்ற குரல் ஓகானருடையது. 1839ல் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர் ஒப்பமிட்டு மனுக் கொடுத்தனர். பாராளுமன்றத்தில் ஆதரவாக 46 வாக்கு, எதிராக 235. 1842ல் 33 லட்சம் பேர் ஒப்பமிட்டனர். ஆதரவாக 49, எதிராக 287. ஒப்பமிட்ட 33 லட்சம் பேரை 287 பேர் வென்றனர்!

இதற்கிடையே 1840ல், ஏட்டில் வெளியிட்டவற்றுக்காக ஓகானருக்கு 18 திங்கள் சிறை. யார்க் கோட்டைச் சிறையிலிருந்து 1841ல் விடுதலையாகி வெளியே வந்தபோது, அவன் உடுத்தியிருந்தது கனவான்களின் உடையன்று. உழைப்பாளர் உடுத்தும் முரட்டுப் பருத்தித் துணி! அந்த உடையே ஒரு பேச்சு. அதைக் கேட்கக் காது தேவையில்லை, கண் போதும்.

சிறையிலே அவன் சிந்தித்தது நிலத்தைப் பற்றி. 1843ல் சிறு பண்ணைகளை நடத்தும் முறை பற்றி ஒரு நூலே எழுதினான். அவன் கண்ட கணக்கு எளிது. ஆலை வாயிலில் நூறு பேருக்கு வேலை இருக்க, இருநூறு பேர் நிற்கிறார்கள். ஆகவே முதலாளி வைத்ததே கூலி. அந்த இருநூறில் ஒரு பகுதியைப் பிரித்து நிலத்துக்கு அனுப்பிவிட்டால்? நிலத்துக்குப் போனவன் உழுது உண்பான். வாயிலில் நிற்பவனுக்குக் கூலி உயரும். போனவனும் பிழைப்பான், இருப்பவனும் பிழைப்பான். அதுமட்டுமா? ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் இருந்தால் மாவட்டத் தேர்தலில் வாக்குண்டு என்பது அந்நாட்டுப் பழைய சட்டம். மனுப் போட்டுக் கேட்டால் மறுக்கிறாயா? மண்ணை வாங்கி எடுத்துக்கொள்கிறோம் என்பதே திட்டத்தின் உட்பொருள்.

நிலத்தை உழ ஏர் வேண்டாம், குதிரை வேண்டாம்; மண்வெட்டி கொண்டு ஆழக் கொத்தி, எருவிட்டுப் பயிரிட்டால் சிறு நிலமும் ஒரு குடும்பத்தைக் காக்கும் என்பது ஓகானரின் உறுதியான நம்பிக்கை. 1845ல் நிலச் சங்கம் பிறந்தது. பின்னர் அது தேசிய நிலக் கம்பெனி ஆயிற்று. ஒரு பங்கு 26 ஷில்லிங். இரண்டு பங்கு சேர்த்தவன் 2 ஏக்கருக்கு உரியவன். மூன்று பங்கு என்றால் 3 ஏக்கர். நான்கு என்றால் 4. இரண்டு பங்குக்கு 52 ஷில்லிங். வாரம் 3 பென்னி கட்டினால் சரியாக நான்கு ஆண்டு! தேநீரைக் குறைத்தனர், புகையிலையை நிறுத்தினர், பென்னி பென்னியாகக் கட்டினர். நெசவாளி, செருப்புத் தைப்பவன், தையற்காரன், சுரங்கத் தொழிலாளி — மொத்தம் சேர்ந்தவர் சுமார் 70,000 பேர்.

யாருக்கு முதலில் நிலம்? குலுக்கல்! நம் நாட்டுக் குடவோலைபோலப் பெயர்களைப் போட்டு எடுத்தனர். சீட்டு விழுந்தவனுக்கு நிலம் கிடைக்கும்; நிலம் உழுது எருவிட்டுத் தரப்படும்; வீடு கட்டித் தரப்படும்; முதல் விளைச்சல் வரும்வரை தாக்குப்பிடிக்க 2 ஏக்கர்காரனுக்கு 15 பவுன், 3 ஏக்கர்காரனுக்கு இருபத்திரண்டரைப் பவுன், 4 ஏக்கர்காரனுக்கு 30 பவுன் முன்பணமும் உண்டு. வீடும் நிலமும் பெற்றவன் கம்பெனிக்கு ஆண்டு வாடகை செலுத்த வேண்டும்.

1846ல் முதல் நிலம் வாங்கப்பட்டது. ஹெர்ட்போர்டுசயர் மாவட்டத்தில் ரிக்மன்ஸ்வொர்த் ஊருக்கு அருகே, 103 ஏக்கர், 2,300 பவுனுக்கு மேல் விலை. ஓகானர்வில் என்று பெயர் வைத்தனர். அவனே அங்கு நின்று கட்டட வேலையை மேற்பார்த்தான். 35 வீடுகள், நடுவே ஒரு பள்ளிக்கூடம். ஆம், உழைப்பாளி ஊரில் முதலில் எழுந்தவற்றுள் பள்ளிக்கூடமும் ஒன்று! மதுக்கடைக்கு அங்கே இடமில்லை என்பது ஓகானரின் கட்டளை. பால் கொடுக்க ரெபெக்கா என்று பெயரிட்ட பசு ஒன்றும் இருந்தது. 1847 மே முதல் நாள் குடும்பங்கள் வந்து இறங்கின. ஆலைப் புகையில் இருமியவன் மனைவியோடும் மக்களோடும் வண்டியிலிருந்து இறங்கி, இது நம் வீடு என்று கதவைத் திறந்த காட்சியை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சிரித்தவன் சிரிக்கட்டும், ஏசியவன் ஏசட்டும். அந்த ஒரு நாளை அவன் வாழ்விலிருந்து எவனால் எடுக்க முடியும்?

அடுத்தடுத்து லோபேண்ட்ஸ், ஸ்னிக்ஸ் எண்ட், மின்ஸ்டர் லவெல், கிரேட் டாட்போர்டு என மேலும் நான்கு இடங்களில் குடியிருப்புகள். 1847ல் நாட்டிங்காம் நகரத்து மக்கள் ஓகானரை மீண்டும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவனிடம் தோற்றவர் யார் தெரியுமா? இலண்டனில் இருந்துகொண்டு இந்திய ஆட்சியை மேற்பார்த்த வாரியத்தின் தலைவர், அமைச்சர் ஹாப்ஹவுஸ்! தோழர்கள் எதிர்பார்ப்பின் உச்சியில் இருந்தனர்.

அங்கேதான் இடர்கள் காத்திருந்தன.

முதல் இடர், மண். தறியிலே பழகிய கை மண்வெட்டியைப் பிடித்தது. களிமண் எது, எரு எவ்வளவு, எந்தத் திங்களில் எதை விதைப்பது என்பது ஒரு நாளில் வரும் கல்வியா? உழவும் ஒரு தொழில். அதற்கும் பயிற்சி வேண்டும். நம் உழவனைக் கொண்டுபோய்த் தறியில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அதுவே அங்கும் ஆயிற்று. 2 ஏக்கர் என்பது நம் கணக்கில் 200 சென்ட். நல்ல மழை, நல்ல மண், பழகிய கை, அருகிலே சந்தை — இத்தனையும் கூடினால்தான் அது ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். போதாக்குறைக்கு 1845 முதல் உருளைக்கிழங்கைத் தாக்கிய நோய் பரவிய காலம் அது. அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அந்த நோய் இங்கிலாந்தையும் விடவில்லை. ஏழையின் உணவு எந்தக் கிழங்கை நம்பி இருந்ததோ, அந்தக் கிழங்கே அழுகியது.

இரண்டாவது இடர், கணக்கு. இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஓகானர்வில் நிலம் ஏக்கர் 22 பவுனுக்கு மேல். 2 ஏக்கருக்கு 44 பவுன். முன்பணம் 15. ஆக 59 பவுன். இது வீடு கட்டும் செலவு சேராமல்! ஆனால், 2 ஏக்கருக்கு ஓர் உறுப்பினன் கட்டியதோ 2 பவுன் 12 ஷில்லிங். ஒருவனைக் குடியேற்ற இருபதுக்கும் மேற்பட்டவர்களின் பங்குத் தொகை கரைகிறது. வீட்டுச் செலவையும் சேர்த்தால் இன்னும் பலருடையது. மீதிப் பேருக்கு? வாங்கிய நிலத்தை அடமானம் வைத்து, அந்தக் கடனில் அடுத்த நிலம். அதையும் வைத்து அதற்கடுத்த நிலம். சில ஆண்டுகளில் குடியேறியவர் சுமார் 250 பேர். நான்கு ஆண்டுக்கு 250 என்று வைத்துக்கொண்டால், 70,000 பேரும் குடியேற ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்! இயக்கத்திற்குள்ளேயே ஓபிரையன் போன்றோர், சிறு நிலச் சொந்தக்காரர்களை உண்டாக்குவது வழியல்ல, நிலம் முழுவதும் நாட்டுக்குப் பொதுவாக வேண்டும் என்று வாதாடினர். அவர்களோடு பகைத்துக்கொண்டானே தவிர, அமர்ந்து பேசினான் இல்லை ஓகானர்.

மூன்றாவது இடர், சட்டம். பெரிய பண்ணை வைத்திருக்கும் பிரபுவுக்குத் துணை நிற்கும் சட்டம், சிறு காசு சேர்க்கும் தொழிலாளிக்குத் துணை நிற்குமா? சேமிப்புச் சங்கமாகப் பதிய முயன்றால், நீ அந்த வகையில் இல்லை என்றனர். கூட்டுப் பங்குக் கம்பெனியாகப் பதிய வேண்டுமானால், ஆயிரக்கணக்கான பங்காளிகளின் பத்திரங்களுக்கு முத்திரைச் செலவே முதுகை முறிக்கும். குலுக்கல் முறையோ சூதாட்டம் என்றனர். நாட்டின் நிலத்தையெல்லாம் சில குடும்பங்கள் பிறப்பு என்ற ஒரே சீட்டில் எடுத்துக்கொண்டது சூதாட்டமல்ல. பென்னி கட்டியவன் பெயரைப் பெட்டியில் போட்டு எடுத்தது சூதாட்டம்!

1848 ஏப்ரல் 10ஆம் நாள் கென்னிங்டன் திடலில் சாசன இயக்கத்தின் பெருங்கூட்டம். மூன்றாவது மனு. 57 லட்சம் ஒப்பம் என்றான் ஓகானர். எண்ணிப் பார்த்த பாராளுமன்ற எழுத்தர்கள் 20 லட்சத்துக்கும் குறைவு என்றனர். விக்டோரியா அரசியின் பெயரையே எவனோ எழுதிவைத்திருந்தான் என்று நகைத்தனர். உண்மையான இருபது லட்சத்தை ஒரு பொய் எண் மூடிவிட்டது. எண்ணிக்கையிலே மிகை கூறினால், எதிரிக்கு அதுவே ஆயுதம்!

அதே ஆண்டு நிலக் கம்பெனியை ஆராயப் பாராளுமன்றம் ஒரு குழு அமைத்தது. ஏழைகளின் காசை ஓகானர் விழுங்கிவிட்டான் என்று எதிரி ஏடுகள் எழுதிக் குவித்த நேரம் அது. குழு கண்டது என்ன? கம்பெனி சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லை. கணக்குகள் ஒழுங்காக எழுதப்படவில்லை. ஆனால், அந்த ஒழுங்கின்மையால் இழந்தவன் ஓகானரே! கம்பெனி அவனுக்கு மூவாயிரம் பவுனுக்கு மேல் கடன்பட்டிருந்தது. திருடன் என்று தேடிப்போனவர்கள், கைப்பணத்தைக் கொட்டிக் கொடுத்தவனைக் கண்டனர். ஆனால், பழி பரவிய வேகத்தில் உண்மை பரவுமா? பங்குப் பணம் வருவது நின்றது. குடியேறியவர்களிலும் சிலர் வாடகை தர மறுத்தனர். மின்ஸ்டர் லவெல் நிலத்துக்கு அடமானக் கடன் தந்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1850ல் குடியேறிய குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1851ல் பாராளுமன்றச் சட்டத்தின்வழி கம்பெனி மூடப்பட்டது.

எல்லாம் மண்ணாய்ப் போயிற்றா? இல்லை. கிரேட் டாட்போர்டைப் பாருங்கள். குலுக்கல் கூடாது என்று ஆனபின் அமைந்த ஊர் அது. ஏலச்சீட்டுபோல அதிகம் முன்பணம் கட்டியவர்க்கு நிலம். அங்கிருந்தவர்கள் கோதுமையையும் கிழங்கையும் மட்டும் நம்பாமல், நிலத்துக்கு ஏற்ற பயிராக ஸ்ட்ராபெரிப் பழத்தைக் கண்டுகொண்டனர். பழத்தைப் பர்மிங்காம் சந்தைக்கு அனுப்பினர். பூண்டு பயிரிட்டு வூஸ்டர் நகரத்துக் குழம்புத் தொழிற்சாலைக்கு விற்றனர். மண் அறிந்து, பயிர் அறிந்து, சந்தையும் அறிந்தபோது, சிறு நிலம் சோறு போட்டது! அங்கே 1849ல் எழுந்த ரோஸ்டீன் என்ற வீட்டை நினைவுச் சின்னமாகக் காத்துவருகிறது அந்நாட்டின் தேசிய அறக்கட்டளை. ஓகானர்வில்லோ இன்று வசதி படைத்தோர் விரும்பி வாழும் பகுதி. உழைப்பாளி கனவு கண்ட இடத்தில் உள்ளவன் குடியேறினான். காலத்தின் கேலி அது!

ஓகானரின் முடிவு கொடிது. உழைத்து உழைத்து, ஏச்சுக் கேட்டுக் கேட்டு, அறிவு கலங்கிற்று. 1852ல் பாராளுமன்றத்திலேயே சக உறுப்பினர்மீது கை நீட்டினான், பிடித்து வைத்தனர், பின்னர் சிஸ்விக்கில் ஒரு மனநோய் விடுதிக்கு அனுப்பினர். 1855 ஆகஸ்ட் 30ஆம் நாள், கையில் காசின்றித் தமக்கை தங்கை என்ற உறவின் நிழலில் உயிர் விட்டான். கென்சல் கிரீன் இடுகாட்டுக்கு அவன் உடல் சென்றபோது பின்தொடர்ந்தவர் பல்லாயிரவர். அவர்களில் எத்தனை பேர் பங்குப் பணம் இழந்தவர்களோ! ஏமாற்றியவன் பிணத்தின் பின்னால் அப்படி எவரும் நடப்பதில்லை. 1859ல் நாட்டிங்காம் பூங்காவில் அவனுக்குச் சிலையும் எழுந்தது.

நாம் எடை போடுகிறோம். ஓகானரிடம் குறை உண்டு. எல்லாவற்றையும் தன் ஒருவன் தோளில் ஏற்றிக்கொண்டான். ஊருக்குத் தன் பெயரைச் சூட்ட விட்டான். மாற்றுக் கருத்துரைத்தவரை மதிக்கவில்லை. கை சுத்தமாக இருந்தது; கணக்கு சுத்தமாக இல்லை. பொதுப் பணத்தில் கை சுத்தம் மட்டும் போதாது. கணக்கும் சுத்தமாக வேண்டும். ஏழை தந்த காசு மூன்று பென்னியே ஆனாலும், அதற்கு ஏடும் எழுத்தும் சாட்சியும் வேண்டும். இல்லையேல், நல்லவனையும் கள்ளன் என்று கூற எதிரிக்கு வாய் கிடைக்கும். நம்பியவன் நெஞ்சிலும் ஐயம் நுழையும்.

ஆனால், அவன் ஊன்றிய எண்ணம் பொய்யா? பாராளுமன்றம் கேலி செய்து வீசி எறிந்த ஆறு கோரிக்கைகளை எண்ணுங்கள். உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி 1858ல் ஒழிந்தது. மறைவு வாக்கு 1872ல் வந்தது. சம அளவுத் தொகுதிக்கு 1885ல் வழி பிறந்தது. உறுப்பினருக்குச் சம்பளம் 1911ல் வந்தது. வயது வந்த ஆண் அனைவருக்கும் வாக்கு 1918ல் வந்தது. முப்பது வயது கடந்த பெண்கள் பலருக்கும் அன்றே வந்தது. ஆண்டுதோறும் தேர்தல் ஒன்றுதான் வரவில்லை. 235 பேரும் 287 பேரும் கை தூக்கித் தோற்கடித்தது, கடைசியில் சட்டமாயிற்று!

வாக்குச் சீட்டு வந்தது. நிலம்? உழைப்பவனுக்கு ஒரு வீடு, வீட்டைச் சுற்றி ஒரு துண்டு மண், வேலை போனாலும் அடுப்பு அணையாது என்ற துணிவு — இதைக் கேட்டுத்தான் எழுபதாயிரம் பேர் மூன்று மூன்று பென்னியாகக் கட்டினர். அந்தக் கம்பெனியின் கணக்கை 1851ல் மூடிவிட்டார்கள். அந்தக் கேள்வியின் கணக்கு மூடப்படவில்லை. மண்வெட்டியை அறிந்தவனும், கணக்கை அறிந்தவனும், சட்டத்தை அறிந்தவனும் ஒன்றாக நின்று எழுதி முடிக்க வேண்டிய கணக்கு அது!